பேரன் திரும்பி வந்தான்!

ஊரை விட்டுப் போனவரின் பேரன் ஒரு நாள் வாசலில் வந்து நின்றால், முகஜாடையைப் பார்த்தே பாட்டி கண்டுபிடித்துவிடுவாள், அல்லவா? ஒரு சங்கீதத்துக்கும் அப்படி நேர்ந்தது, கேளுங்கள்!

ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதி மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் போயிற்று, உறவு போயிற்று. தாளம் மட்டும் போகவில்லை! அங்கே அது ஸ்பானிய கிதாருடன் கூடிப் புதுப் பாட்டாயிற்று.

1930-களில் அந்தப் பாட்டு கிராமபோன் தட்டுகளில் ஏறிக் காங்கோவுக்கே வந்து சேர்ந்தது. அங்குள்ளவர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. 'ரும்பா' என்று பெயரிட்டு, லிங்காலா மொழியில் தாங்களே பாடத் தொடங்கிவிட்டார்கள்.

1960-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரில் காங்கோவின் சுதந்திரப் பேச்சு நடந்தபோது, ஜோசப் கபசெலே அங்கேயே ஒரு விடுதலைப் பாட்டுக் கட்டினார். எந்த மெட்டில் தெரியுமா? கியூபாவின் சா-சா-சாவில்!

அடிமையாய்ப் போன தாளம், சுதந்திர கீதமாகத் திரும்பிற்று!