உங்களுக்குத் தெரியுமா? வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் கொழும்பு

ஆடி, ஆவணி வந்தால் வெளிநாட்டுச் சொந்தங்கள் வெள்ளவத்தையில் வந்து இறங்கிவிடுவார்கள். சேலை, நகை, ஒரு கல்யாண வீடு, ஒரு மாலை காலிமுகத்திடல். அதோடு கொழும்பு முடிந்தது என்று விமானம் ஏறிவிடுவார்கள். கூட்டிக்கொண்டு திரிகிற நமக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை. அடுத்த முறை சொல்லிக் காட்ட இதோ சில சங்கதிகள். ஒரு சமூகத்தின் அடையாளமாக நாம் நினைக்கிற இடத்தில் இன்னொரு சமூகத்தின் கையும் காசும் கலந்திருப்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள்.

● திடலுக்கு ஒரு வேண்டுகோள்
காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை 1856இல் தொடங்கி 1859இல் முடிந்தது. போட்டவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று, தமக்குப் பின்னால் வரும் தேசாதிபதிகளைக் கேட்டு ஒரு கல்லும் நாட்டிவிட்டுப் போனார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ், ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியதும் இந்தத் திடலில்தான். மாலையில் போனால் இறால் வடையை விடாதீர்கள். பருப்பு வடையின் மேல் இறாலைத் தலையும் மீசையுமாகப் பதித்துப் பொரித்து, அரிந்த வெங்காயமும் உறைப்புச் சோஸும் போட்டுத் தருவார்கள். அடுக்கி வைத்ததை வாங்காமல், சட்டியிலிருந்து எடுக்கும்வரை நின்று வாங்குங்கள்.

● நடுச் சந்தியில் ஒரு வெளிச்சவீடு
கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை வடிவமைத்தவர் அதே வார்டின் மனைவி. 1857இல் மணிக்கூடாக எழும்பியது, பத்து ஆண்டுகளில் கப்பல்களுக்கு வெளிச்சவீடாகவும் ஆனது. பிறகு சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிட்டன. 1950களின் தொடக்கத்தில் கடலோரத்தில் புதிய வெளிச்சவீடு வந்ததும் இது பழையபடி மணி காட்டும் வேலைக்குத் திரும்பிவிட்டது.

● படிக்காத கட்டடக் கலைஞர்
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளியை 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக்கலை படித்தவர் அல்லர். தென்னிந்திய வியாபாரிகள் காட்டிய படங்களைப் பார்த்தே வேலையில் இறங்கியவர். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: ஒரு தூணில் வரி, அடுத்ததில் முறுக்கு, இன்னொரு சுவரில் கட்டம். உச்சியில் மாதுளம்பழ வடிவில் கும்மட்டங்கள். உள்ளே போக விரும்புகிறவர்கள் தொழுகை நேரம் தவிர்த்து, உடலை மூடிய உடையோடு போகலாம்.

● தெருவுக்கு ஒரு சரக்கு
புறக்கோட்டையில் கடையைத் தேடாதீர்கள், தெருவைத் தேடுங்கள். நகைக்குச் செட்டியார் தெரு, நாட்டு மருந்துக்குக் கேபோஸ் ஒழுங்கை, துணிக்குக் கெய்சர் வீதி, வெங்காயம் பருப்புக்கு நான்காம் குறுக்குத் தெரு. அங்கே சுமை தூக்கும் நாட்டாமைகளின் தள்ளுவண்டிக்குத்தான் முதல் வழி. "சைட், சைட்" என்று குரல் கேட்டால் யோசிக்காமல் ஒதுங்கிவிடுங்கள். புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம், ஒரு பார்ஸிக் குடும்பம் தங்கள் தந்தை ஃப்ராம்ஜி பிகாஜி கானின் நினைவாக 1923இல் ஊருக்குக் கொடுத்தது.

● கருங்கல்லில் ஒரு சிவன் கோவில்
கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் முதலில் பொன்னம்பலவாணேசர் கோவில். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியதை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி முழுக்கக் கருங்கல்லில் மீண்டும் கட்டினார். கொளுத்தும் மத்தியானத்தில் தெருவிலிருந்து மண்டபத்துக்குள் காலை வைத்துப் பாருங்கள், கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதைச் சொந்தங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

● செவ்வாய்க்கிழமைக் கூட்டம்
அங்கிருந்து நடந்தே கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்துக்குப் போகலாம். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவிடம் மீனவர்கள் கடலரிப்பை நிறுத்தித் தரும்படி கேட்டார்கள், அவர் சிலுவை நட்டு மன்றாடக் கடல் பின்வாங்கியது என்பது வழிவழிக் கதை. செவ்வாய்க்கிழமைகளில் சைவர், பௌத்தர் என்று எல்லோரும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் சிதைந்த ஆலயம் ஏழு வாரங்களில் திருத்தப்பட்டு, ஜூன் 13 திருவிழாவுக்கு முதல் நாள் மீண்டும் திறக்கப்பட்டது.

● பௌத்தக் கொடி முதலில் ஏறிய இடம்
உலகமெங்கும் பறக்கும் பௌத்தக் கொடி பகிரங்கமாக முதலில் ஏறியது கொட்டாஞ்சேனையில், தீபதுத்தாராம விகாரையில். நாள் 1885 ஏப்ரல் 28. ஏற்றியவர் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த பாணந்துறை விவாதத்தால் பெயர்பெற்ற மீகெட்டுவத்தை குணானந்த தேரர். 1883 ஈஸ்டர் நாளில் இதே கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் பெரும் கலவரம் மூண்டது. அதன் பிறகு பௌத்தர்கள் எழுப்பிய கோரிக்கைகளின் பலனாகவே வெசாக் விடுமுறை கிடைத்தது. கொடி ஏறியது அந்த முதல் விடுமுறையன்று. லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம் இங்கிருந்து எட்டுகிற தூரம்தான், ஒரே நடையில் இரண்டையும் பார்க்கலாம்.

● நான்கு சரவணமுத்துகள்
கொட்டாஞ்சேனையில் ஒரு வீதிக்குப் பெயர் தந்த சேர் இரத்தினஜோதி சரவணமுத்து, 1937இல் கொழும்பின் முதல் மேயரானவர். அவர் மனைவி நேசம் சரவணமுத்து 1932இலேயே கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போன முதல் தமிழ்ப் பெண். தம்பி பாக்கியசோதியின் பெயரில்தான் பொரளைப் பக்கத்து பி. சரா ஓவல் மைதானம் இருக்கிறது. தமிழ் யூனியன் கழகத்துக்குச் சொந்தமான அந்த மைதானத்தில்தான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. இன்னொரு சகோதரர் மாணிக்கசோதி மலாயாவில் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். 1941 டிசம்பரில் பினாங்கை விட்டு ஆங்கிலேயர் ஓடிவிட, ஜப்பானியர் குண்டு போடுவதை நிறுத்தப் பிரித்தானியக் கொடியை இறக்கியவர் அவர்.

● வாவிக்குள் ஒரு சீமாமாளிகை
பேரே வாவியில் மிதப்பதுபோல் நிற்கும் கங்காராமை விகாரையின் சீமாமாளிகையை வரைந்தவர் ஜெப்ரி பாவா. செலவை ஏற்றவர்கள் மூசாஜி என்ற முஸ்லிம் தம்பதியர், இறந்துபோன மகனின் நினைவாக.

● நூதனசாலையில் ஒரு தமிழ்க் கல்
1877இல் திறந்த தேசிய நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரிக்கார். உள்ளே போனால் காலி மும்மொழிக் கல்வெட்டைக் கேட்டுப் பாருங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியோடு கொண்டுவந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை செலுத்திய கணக்கு அதில் இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது!

● ஆடிவேல் வந்த கதை
கொழும்பில் ஆடிவேல் விழா 1874இல் தொடங்கியது. நோய் பரவுமென்ற பயத்தில் அன்றைய அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்த, போக முடியாத செட்டியார்கள் விழாவையே ஊருக்குள் கொண்டுவந்தார்கள். செட்டியார் தெருவிலிருந்து தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும். அந்த நாளில் பஸ்ஸை நம்பாதீர்கள்.

● ரயிலில் வீட்டுக்கு
திரும்பி வர ஓட்டோ பிடிக்காமல் கோட்டையில் ரயில் ஏறுங்கள். வெள்ளவத்தை வரும்வரை வலப்பக்க யன்னலில் கடல்தான். மாலை அலுவலக நேரம் மட்டும் வேண்டாம், யன்னல் கிடைக்காது, கைப்பிடி கிடைத்தால் பெரிய காரியம். இறங்கியபின் நேரமிருந்தால் 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கியது. அங்குள்ள நூலகத்தில் ஈழத்து நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

● கடைசியாக ஒன்று
நாட்காட்டியில் போயா நாளைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அரச விடுமுறை, மதுக்கடை இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு. விகாரைகளைப் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை, புறக்கோட்டையில் சாமான் வாங்க அதைவிட மோசமான நாளும் இல்லை.