உமிழ்நீர் காட்டும் அச்சம்
உடும்பஞ்சோலையின் ஏலத்தோட்டப் பகுதிகளில், பல்வலியைக் கிராம்புத் தைலத்தால் தணித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. செலவு மட்டுமன்று, அச்சமும் காரணம்.

அவ்வச்சம் வெறும் கற்பனையன்று, உமிழ்நீரில் அளக்கத்தக்கது. பதற்றம் எழுந்த சில நிமிடங்களில் ஆல்பா அமிலேஸ் என்னும் நொதி மிகுகிறது. ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் கார்டிசால் என்னும் ஹார்மோன் உச்சத்தை எட்டுகிறது. ஊசியின்றி மாதிரி எடுக்கலாம் என்பதால், ஞானப்பல் அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் உமிழ்நீர் பயன்படுகிறது. கார்டிசால் இயல்பாகவே காலையில் மிகுந்து இரவில் குறையும். எனவே மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம்.

பதற்றம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்தக்கூடும். ஆகவே, உட்கொள்ளும் மருந்துகளைச் சொல்லும்போதே அச்சத்தையும் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். தவணை தவறிய கடனைப் போலவே, தள்ளிப்போட்ட பல்நோயும் வட்டியோடு வளரும்.