ஐந்து டாலரும் ஆலை வாயிலும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வீடு முழுவதும் ஒரே மௌனம். இருபத்தாறு வயது மகன் அன்று காலையில்தான் தன் வேலையைத் துறந்துவிட்டு வந்திருந்தான். தந்தை நம்மை நடுவராக வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கினார். மாதம் தவறாத சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவ உதவி, வாயிலிலேயே வந்து ஏற்றிச் செல்லும் பேருந்து. இவற்றையெல்லாம் உதறிவிட்டு வருபவன் அறிவுள்ளவனா என்பது அவருடைய கேள்வி.

மகன் நெடுநேரம் பேசவில்லை. இறுதியில், "சம்பளத்தில் குறையில்லை, அப்பா. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். நான் வந்தேனா வரவில்லையா என்பது கதவில் இருக்கும் இயந்திரத்துக்குத்தான் தெரியும்" என்றான். தாயார் இடையில் வந்து, சோறு ஆறிப்போகிறது என்று இருவரையும் எழுப்பிச் சென்றார்.

தந்தை கூலியைப் பற்றிப் பேசினார். மகனோ வேறொன்றைப் பற்றிப் பேசினான். இருவர் கூற்றிலும் பொய் இல்லை. ஊழியர் ஒரு வேலையில் ஏன் நிலைக்கின்றனர், ஏன் விலகுகின்றனர் என்னும் இவ்வழக்கைத் தெளிவாக ஆராய்ந்து பார்ப்பதற்கு வரலாற்றில் ஓர் ஆலை நமக்கு வாய்த்திருக்கிறது. அது அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலை. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கதையாயினும், அன்பு வாசகர்களுக்கு அதனைச் சற்று விரிவாகவே கூற விழைகிறோம்.

1913-ஆம் ஆண்டில் அவ்வாலையில் ஏறத்தாழ 14,000 பேர் பணியாற்றினர். இந்த 14,000 பேரை நிலையாக வைத்திருப்பதற்காக அந்த ஓராண்டில் மட்டும் 52,000-க்கும் மேற்பட்டோரை வேலைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. ஓர் இடத்திற்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய நான்கு பேர் வந்து போயினர் என்று கொள்ளலாம். நூற்றுக்கு 370 என்பது அவ்வாண்டின் விலகல் விகிதம். பணியில் இருந்தவர்களிலும் நாள்தோறும் பத்தில் ஒருவர் வரவில்லை.

எவ்வாறு விலகினர் என்பது இன்னும் நோக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மட்டும் 7,300 பேர் வெளியேறினர். அவர்களுள் ஆலை நிர்வாகம் நீக்கியவர்கள் நூற்றுக்கு 18 பேர். முறைப்படி சொல்லிவிட்டுச் சென்றவர்கள் 11 பேர்தான். எஞ்சிய 71 பேரும் ஒரு சொல்லும் சொல்லாமல் வராது நின்றுவிட்டவர்கள். ஐந்து நாள் தொடர்ந்து வராதவரை விலகியவராகக் கருதிப் பெயரை அடித்துவிடுவது அங்கே வழக்கம். இவர்களை ஐந்து நாள் ஆட்கள் என்றே குறித்தனர். எதிர்த்துப் பேசவும் இல்லை, முறையிடவும் இல்லை. யாரிடம் முறையிடுவது? அங்கே தொழிலாளர் சங்கம் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்து, ருசியா, ருமேனியா, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். ஃபோர்மேனின் ஆங்கிலம் பலருக்கு விளங்காது. அந்த ஃபோர்மேனோ, தான் விரும்பியவரைச் சேர்க்கவும், விரும்பாதவரை அந்த நொடியே வெளியே அனுப்பவும் அதிகாரம் படைத்தவராக இருந்தார்.

அதே ஆண்டில்தான் அவ்வாலையின் வேலைமுறையும் தலைகீழாக மாறியது. அதற்கு முன் காரின் அடிச்சட்டம் ஓரிடத்தில் நிற்கும்; தேர்ந்த தொழிலாளர் அதனைச் சுற்றி நின்று முழு வண்டியாக்குவர். 1913-இன் பிற்பகுதியில் அடிச்சட்டமே நகரத் தொடங்கியது. தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, வேலை அவனைத் தேடி வந்தது. ஒருவன் திருகாணியைச் செருகுவான். அடுத்தவன் அதனை முடுக்குவான். காலை முதல் மாலை வரை அதுவேதான். முன்பு பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை, 1914-இன் தொடக்க மாதங்களுக்குள் ஒன்றரை மணி நேர அளவுக்குக் குறைந்தது. நிர்வாகத்துக்கு இது பெருவெற்றி. ஆனால் வண்டி செய்யத் தெரிந்தவன் என்று தன்னைப் பற்றிப் பெருமை கொண்டிருந்த தொழிலாளிக்கு, இனி அவன் ஒரு திருகாணிக்கு உரியவன் என்பதே செய்தி. அவ்வாண்டின் இறுதியில் நிலையாக நூறு பேரைக் கூட்டுவதற்கு 963 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது என்று ஒரு கணக்குக் கூறுகிறது.

நிர்வாகம் விழித்துக்கொண்டது. ஜான் லீ என்னும் அதிகாரி ஆலையை ஆராய்ந்து, 1913 அக்டோபரில் சில சீர்திருத்தங்களைக் கொணர்ந்தார். ஒரே வேலைக்கு ஆளுக்கொரு கூலி என்றிருந்த குழப்பத்தை நீக்கிக் கூலிப் படிகளை ஒழுங்குபடுத்தினார். நினைத்த மாத்திரத்தில் ஆளை நீக்கும் அதிகாரத்தை ஃபோர்மேன்களிடமிருந்து பறித்தார். தொழிலாளர் சேமிக்கவும் கடன் பெறவும் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். செய்தித்தாள்கள் இதனைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. நம் எண்ணத்தில், பின்னர் வந்த ஆரவாரமான அறிவிப்பைக் காட்டிலும் இந்த அக்டோபர்த் திருத்தங்கள் குறைந்தவை அல்ல.

அந்த ஆரவார அறிவிப்பு 1914 ஜனவரி 5 அன்று வெளிவந்தது. ஒன்பது மணி நேர வேலைக்கு 2 டாலர் 34 சென்ட் பெற்று வந்த தொழிலாளிக்கு, இனி எட்டு மணி நேரத்திற்கு 5 டாலர்! உலகமே வியந்தது. ஜனவரி 12 அன்று, உறைபனிக் குளிரில், ஆலை வாயிலில் ஆயிரக்கணக்கானோர் வேலை வேண்டித் திரண்டு முட்டி மோதினர்; கூட்டத்தைக் கலைக்கத் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பாய்ச்சினர். நனைந்த ஆடை உடலிலேயே உறைந்து போக, வேலை தேடி வந்தவர்கள் திரும்பிச் சென்றனர்.

விளைவு என்ன? 370 ஆக இருந்த விலகல் விகிதம் 1914-இல் 54 ஆகவும், 1915-இல் 16 ஆகவும் வீழ்ந்தது. இது தருமமன்று, தாம் செய்த சிக்கனங்களிலேயே சிறந்த ஒன்று என்னும் கருத்தில் ஃபோர்டே பின்னாளில் எழுதினார். ஆள் நிலைத்தால் பழக்கும் செலவு மிச்சம், பழுது குறைவு, வரிசை நிற்காது. நம் நண்பர் இதைக் கேட்டால், பார்த்தீர்களா, எல்லாம் கூலிதான் என்று நம் கையைப் பிடித்துக் குலுக்குவார். ஓரளவு அவர் சொல்வது மெய்யே. பசித்த வயிற்றுக்கு முன்னால் மற்றவை பேசுவது அழகன்று. வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட வழியற்ற இல்லத்தில் மன நிறைவைப் பற்றி உபதேசிப்போர் அவ்வில்லத்தில் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

ஆயினும் அந்த ஐந்து டாலரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 2.34 டாலர்தான் கூலி, மீதி 2.66 டாலர் இலாபப் பங்கு என்று பெயரிடப்பட்டது. இப்பங்கைப் பெறுவதற்குத் தொழிலாளி ஒழுக்கமுள்ளவன் என்று சான்று பெற வேண்டும். அதற்கென ஒரு சமூகத் துறை தோன்றியது. அதன் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். குடிப்பானா, சேமிக்கிறானா, வீடு தூய்மையாக உள்ளதா, திருமணம் முறையானதா, வாடகைக்கு அந்நியரை உள்ளே வைத்திருக்கிறானா என்றெல்லாம் விசாரித்து ஏட்டில் குறித்தனர். பெண் ஊழியருக்குத் தொடக்கத்தில் இப்பங்கு இல்லை. குடியை விட்டுச் சேமிக்கத் தொடங்கிய குடும்பங்கள் இருந்தன. அந்நன்மையை நாம் மறைக்கவில்லை. ஆனால் தன் அடுக்களைக்குள் வந்து எட்டிப் பார்க்கும் முதலாளியை எந்தக் குடும்பத் தலைவி மனமுவந்து வரவேற்பாள்?

குடும்பத் தலைவி என்றதும் ஒரு கடிதம் நினைவுக்கு வருகிறது. ஐந்து டாலர் அறிவிப்பு வந்து மூன்று வாரம் ஆகுமுன், 1914 ஜனவரி 23 அன்று, தொழிலாளி ஒருவரின் மனைவி பெயரிடாமல் ஃபோர்டுக்கு எழுதினார். சங்கிலி வரிசை அடிமைகளை ஓட்டுவது போல ஓட்டுகிறது என்றும், கணவர் வீட்டுக்கு வந்ததும் சோர்ந்து விழுந்து இரவு உணவையும் தொடுவதில்லை என்றும், இதற்கு ஒரு பரிகாரம் கிடையாதா என்றும் அவர் முறையிட்டார். ஐந்து டாலர் பெரும் பேறுதான் என்று நன்றியும் கூறி, ஆனால் அதற்கு ஈடாக அவர்கள் உழைத்துத் தீர்க்கிறார்கள் என்று முடித்திருந்தார். ஆண்கள் ஐந்து நாள் வராமல் நின்று மௌனமாகச் சொன்னதை, அப்பெண்மணி எழுத்தில் சொன்னார். பெயரைச் சொல்லத் துணியாமல்தான் சொன்னார் என்பதும் கருதத்தக்கது.

சொல்ல இடமிருந்தால் மனிதர் விலகுவது குறையும் என்பதைப் பிற்கால அறிஞர் ஆராய்ந்துள்ளனர். மனக்குறை உள்ளவனுக்கு இரு வழிகள் உண்டு, வெளியேறுதல் ஒன்று, குரல் கொடுத்தல் மற்றொன்று என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதினார். அமெரிக்கத் தொழிற்சங்கங்களைப் பற்றி ரிச்சர்ட் ஃப்ரீமனும் ஜேம்ஸ் மெடாஃபும் 1984-இல் வெளியிட்ட நூலில், கூலி ஒரே அளவாக இருந்தாலும் சங்கம் உள்ள இடத்தில் வேலையை விட்டுச் செல்வோர் குறைவு என்று காட்டினர். இவர்களுக்கு முன்பே, 1959-இல், ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் உளவியலார் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ இருநூறு பொறியாளர்களையும் கணக்கர்களையும் கேட்டறிந்து ஒன்றைக் கூறினார்: சம்பளம், மேற்பார்வை, நிர்வாக விதிகள் இவை சரியில்லாவிடில் மனம் கசக்கும், இவை சரியாகிவிட்டால் கசப்பு நீங்கும், அவ்வளவே. உவகை பிறப்பது வேறிடத்தில், அதாவது செய்து முடித்த வேலையிலும், பிறர் அதனை மதிப்பதிலும், நம்பி ஒப்படைக்கப்படும் பொறுப்பிலும் என்றார். அவர் முடிபை மறுத்தோரும் உளர். எனினும் நண்பர் மகன் அன்று மாலை சொன்ன ஒரு வரிக்கு இதைவிட நல்ல உரை நமக்குக் கிட்டவில்லை.

ஃபோர்டின் பெயரைத் தமிழகமும் அறியும். மறைமலை நகர் ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றபோது, ஊழியர் ஆலையை விட்டு விலகவில்லை. ஆலைதான் அவர்களை விட்டு விலகியது. விசுவாசத்தைப் பற்றி ஊழியருக்கு மட்டும் அறிவுரை கூறுவோர் அந்தக் குடும்பங்களை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஹைலண்ட் பார்க் கதையில் இன்னும் ஒரு பகுதி எஞ்சியுள்ளது. உலகப் போரையொட்டி விலைவாசி ஏற, ஐந்து டாலரின் வலிமை தேய்ந்தது. 1919-இல் அது ஆறு டாலராக்கப்பட்டது; ஆயினும் பழைய மயக்கம் திரும்பவில்லை. இதற்கிடையே, தொழிலாளரை நிலைக்க வைக்க வழி கண்டவர்களே ஒருவர்பின் ஒருவராக ஆலையை விட்டு வெளியேறினர். ஐந்து டாலர் திட்டத்தில் ஃபோர்டுக்குத் துணை நின்ற ஜேம்ஸ் கஸன்ஸ் 1915 அக்டோபரில் விலகினார். நிறுவனத்தின் இதழில் ஃபோர்டு தம் போர் எதிர்ப்புக் கருத்துகளை வெளியிட முற்பட, கஸன்ஸ் அதனை நிறுத்தி வைத்ததால் எழுந்த பூசல் அது. பங்குகளை அவர் அப்போது விடவில்லை, பதவியை மட்டுமே விட்டார். பின்னர் டெட்ராய்ட் நகர மேயராகவும் செனட்டராகவும் விளங்கினார். ஃபோர்மேன்களின் அதிகாரத்தைக் குறைத்த ஜான் லீ, 1919-இல் தோழர் ஒருவருடன் சென்று வேறொரு கார் நிறுவனத்தைத் தொடங்கினார்.

மூன்றாமவர் சாமுவேல் மார்க்விஸ். இவர் எபிஸ்கோப்பல் சபையின் குரு. டெட்ராய்ட் புனித பவுல் பேராலயத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அப்பொறுப்பை விட்டு வந்து 1915-இல் ஃபோர்டின் சமூகத் துறைக்குத் தலைமை ஏற்றார். வீடுகளைத் துருவும் முறையைத் தணித்து, ஆய்வாளர்களுக்கு ஆலோசகர் என்று பெயர் மாற்றி, தொழிலாளரின் குறை கேட்கும் இடமாக அத்துறையை நடத்த முயன்றார். போருக்குப் பின் ஆலையில் கடுமை மிகுந்தது. தொழிலாளரைத் தாங்கிப் பேசிய மார்க்விஸின் சொல் உற்பத்தித் தலைவர்களிடம் எடுபடவில்லை. ஃபோர்டும் அவர் பக்கம் நிற்கவில்லை. 1921-இன் தொடக்கத்தில் அவர் விலகல் கடிதம் கொடுத்தார். அவ்வாண்டே சமூகத் துறையும் மறைந்தது. ஃபோர்டைப் பற்றி 1923-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் தம் பழைய குருத்துவப் பணிக்கே திரும்பிச் சென்றார்.