வானொலிக்குச் சுருதி சேர்த்தல்

உலகெங்கும் ‘ஹாம்’ என்ற பெயரால் அறியப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் கையாளும் டிஜிட்டல் முறைகளுள் விஸ்பர் என்பது ஒன்று. ஐந்து வாட்டுக்கு மேற்படாத சொற்ப சக்தியில், சுமார் 6 ஹெர்ட்ஸ் அகலமே உள்ள மெல்லிய சங்கேதம் ஒன்றை ஏறத்தாழ இரண்டு நிமிஷ நேரம் ஒலிபரப்பி, அது கடல் கடந்து எந்தெந்தத் தேசத்தில் கேட்கப்படுகிறது என்று அறிவதே அதன் நோக்கம். இச்சங்கேதங்கள் யாவும் ஒவ்வோர் அலைவரிசையிலும் 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள குறுகிய இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். 20 மீட்டர் வரிசையில் அந்த இடம் 14.0970 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 14.0972 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதன் நடுவிலே நிற்பதாக எண்ணிக்கொண்டு ஒலிபரப்பும் ஒருவருடைய டிரான்சீவர், அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி, பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகியிருந்தால், சங்கேதம் 140 ஹெர்ட்ஸ் விலகி எல்லைக்கு அப்பால் போய்விழும்; முகப்பில் ஒளிரும் எண்கள் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதாகவே சாதித்துக்கொண்டிருக்கும்.

அந்த எண்களை நம்பிப் பயனில்லாமற்போவதற்குக் காரணம் கருவியின் உள்ளே இருக்கும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். அழுத்தினால் மின்சாரம் பிறப்பிக்கும் குணம் சில படிகங்களுக்கு உண்டு என்று ஜாக் க்யூரி, பியேர் க்யூரி என்னும் சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். மின்சாரம் செலுத்தினால் அப்படிகங்கள் ஒரே கதியில் அதிரும் என்ற உண்மையை ஆதாரமாகக் கொண்டே பின்னாளில் வானொலிகளுக்குரிய அலைவியற்றிகள் அமைந்தன. இக்காலத்து டிரான்சீவர்களில் எல்லா அதிர்வெண்களும் ஒரே படிகத்திலிருந்து பெருக்கியும் வகுத்தும் பெறப்படுகின்றன. ஆகவே, வெப்பத்தினாலோ வயதினாலோ அந்தப் படிகம் இம்மியளவு மாறினாலும், அந்த மாறுதல் எல்லா அலைவரிசைகளிலும் ஒரே விகிதத்தில் பிரதிபலிக்கும். வெப்பத்தின் விளைவைத் தானே ஈடுசெய்துகொள்ளும் நல்ல படிகச் சாதனங்களும் பத்து லட்சத்தில் அரைப் பங்கு, ஒரு பங்கு என்ற அளவில் பிசகக்கூடியவையே.

தம்புராவின் சுருதி தெரியாமல் பாடகரின் சுரம் சரியா, தப்பா என்று சொல்ல இயலாதது போலவே, வெளியில் ஒரு பிரமாணம் இல்லாமல் கருவியின் பிழையைச் சொல்ல இயலாது. அத்தகைய பிரமாணத்தை ஆகாயத்தின் வழியே இலவசமாக வழங்கும் நிலையங்கள் சில உண்டு. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையம் 1923 முதல் பிரமாண அதிர்வெண்களை ஒலிபரப்பி வருகிறது. இன்று கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்னும் ஊரிலிருந்து 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸ்களில் அது கேட்கிறது. ஹவாய்த் தீவில் அதன் சகோதர நிலையமும், கனடாவில் சி.ஹெச்.யூ.வும், சீனாவில் பி.பி.எம்.மும் இதே தொண்டைச் செய்கின்றன. தென்னிந்தியாவிலிருப்போருக்கு இவற்றுள் அருகிலிருப்பது பி.பி.எம். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்கள் கலந்து ஒலித்தாலும் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. எல்லாம் அணுக் கடிகாரங்களுக்குக் கட்டுப்பட்டே இயங்குகின்றன.

முற்காலத்து அன்பர்கள், தம் கருவியின் அலையைப் பிரமாண அலையோடு கலந்து, அவ்விரண்டின் பேதத்தால் எழும் விசில் ஓசை தாழ்ந்து தாழ்ந்து மறையும் வரை குமிழைத் திருகுவார்கள். ‘ஸீரோ பீட்’ எனப்பட்ட இம்முறையில் ஒரு சங்கடம் உண்டு: சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே காது கைவிட்டுவிடும். காது கைவிட்ட இடத்தில் கணிப்பொறி கைகொடுக்கிறது. 1993-இல் ரஸ்ஸல் ஹல்ஸோடு பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வானியல் அறிஞர் ஜோசப் டெய்லர், தாமும் ஒரு ஹாம் ஆனபடியால், மிக மெல்லிய சங்கேதங்களைப் பிரித்தறியும் மென்பொருள்களை இயற்றி உலகுக்கு இலவசமாக வழங்கினார். விஸ்பரும், 2017-இல் ஸ்டீவ் ஃபிராங்கேயோடு சேர்ந்து அவர் அமைத்த எஃப்.டி.8 முறையும் அடங்கிய டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் என்னும் மென்பொருளிலேயே ‘ஃபிரெக்கால்’ என்றொரு அளவைப் பகுதியும் இருக்கிறது.

அதன் சூட்சுமம் எளியது. 10 மெகாஹெர்ட்ஸ் பிரமாண அலையைக் கேட்க, டிரான்சீவரை, முகப்பு எண்ணுக்கு மேலுள்ள அலைகளைக் கேட்கும் மேற்பக்கப் பட்டையில் 1500 ஹெர்ட்ஸ் தாழ்த்தி, 9.9985 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினால், ஸ்பீக்கரில் 1500 ஹெர்ட்ஸ் ஒலி எழ வேண்டும். கணிப்பொறி அந்த ஒலியைப் பகுத்து, ஒரு ஹெர்ட்ஸின் பின்னம் வரை அளந்து சொல்கிறது. 1500-க்குப் பதில் 1490 என்று காட்டினால், கருவி தான் காட்டும் எண்ணைவிட 10 ஹெர்ட்ஸ் மேலே நிற்கிறது என்பது பொருள். 10 மெகாஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே கருவி 5 மெகாஹெர்ட்ஸில் 5 ஹெர்ட்ஸும், 15 மெகாஹெர்ட்ஸில் 15 ஹெர்ட்ஸும் பிசகும். இவ்வாறு பல நிலையங்களில் எடுத்த அளவுகளை ஒரு நேர்கோட்டில் பொருத்தி, அக்கோட்டின் சரிவையும், எல்லா வரிசைகளிலும் மாறாமல் நிற்கும் எச்சப் பிழையையும் மென்பொருளே கணக்கிட்டுத் தருகிறது. கேபிள் வழியே டிரான்சீவரை அது இயக்குமாயின், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இத்திருத்தத்தைத் தானே செய்துகொள்ளும். கணிப்பொறியின் ஒலி அட்டையே பிசகியிருந்தால் என்ன செய்வது என்ற ஐயம் எழலாம். அது பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினாலும், 1500 ஹெர்ட்ஸில் விளையும் பிழை 0.075 ஹெர்ட்ஸ் மாத்திரமே.

சில ஜாக்கிரதைகள் அவசியம். படிகம் வெப்பத்தில் நிலைபெறுவதற்காகக் கருவியை அரை மணி நேரமேனும் ஓடவிட்டபின்பே அளக்கத் தொடங்க வேண்டும். தூரத்து அலைகளைப் பிரதிபலிக்கும் அயனி மண்டலம் உதயத்திலும் அஸ்தமனத்திலும் மேலும் கீழுமாக அசைவதால், நிலையத்தை விட்டுப் பிழையின்றிப் புறப்பட்ட அலையும் நம்மிடம் வந்துசேரும்போது சில சமயம் ஒரு ஹெர்ட்ஸ் வரை விலகியிருக்கக்கூடும். அந்த வேளைகளை ஒதுக்கி, பலமுறை அளந்து சராசரி காண்பதே விவேகம். டிரான்சீவரின் உள்ளேயே படிகத்தைத் திருத்தும் வசதி இருந்து அதைப் பயன்படுத்துவோர், மென்பொருளில் முன்பு எழுதிவைத்த திருத்தங்களைப் பூஜ்யமாக்க மறக்கலாகாது. மறந்தால், ஒரே பிழையை இருமுறை திருத்தி வேறொரு பிழையை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

அமெரிக்க அன்பர்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். அதிர்வெண் அளக்கும் பரீட்சைகளை நடத்தி வருகிறது. ஒரு காலத்தில் ஆராய்ச்சிசாலைகளுக்கே உரியதாயிருந்த நுட்பத்தோடு அவற்றில் பலர் தம் வீட்டு மேஜையிலிருந்தே விடை அனுப்புகிறார்கள். பிழையே இல்லாத கருவி எங்கும் இல்லை. ஆனால் இவ்வளவு என்று அளந்து குறித்துவைத்த பிழை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. படிகத்துக்கு வயதாகிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று இராமல், ஹாம் அன்பர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓய்வான ஒரு பொழுதை இதற்கென ஒதுக்கித் தம் கருவியைப் பிரமாணத்தோடு ஒப்பிட்டு, கண்ட எண்ணைத் தேதியோடு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.