கடல்நீர் வெண்புள்ளி நோய்

கடல்நீர் வெண்புள்ளி நோய் என்பது தொட்டிகளில் வளர்க்கப்படும் கடல்மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயாகும். 'கிரிப்டோகாரியான் இரிட்டன்சு' என்னும் ஓரணுவுயிரியால் இது உண்டாகிறது.

அறிகுறிகள்
உடலிலும் துடுப்புகளிலும் உப்புத்தூள் போன்ற புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உரசும்; வேகமாக மூச்சுவிடும்; இரை எடுக்காது. செவுளில் தொற்று மிகுந்தால், புள்ளிகள் தெரியுமுன்பே மீன் இறக்கக்கூடும். தோல், செவுள் ஆகியவற்றின் வழுவழுப்பை நுண்ணோக்கியில் பார்த்து நோயை உறுதிசெய்யலாம்.

வாழ்க்கைச் சுழற்சி
ஒட்டுண்ணி 3 முதல் 7 நாட்கள் மீனில் தங்கி, பின் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடுகட்டிப் பெருகும். எனவே புள்ளிகள் மறைவது குணமானதற்கு அடையாளமன்று. கூட்டிலிருந்து வெளிவந்து நீந்தும் நிலையில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும்.

சிகிச்சை
மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செப்பு 3 வாரங்களுக்குக் குறையாமல் இருக்கச் செய்ய வேண்டும். செப்பு அளவை நாள்தோறும் சோதிப்பது அவசியம். செப்பு பவளத்தையும் இறாலையும் கொல்லும் என்பதால் முதன்மைத் தொட்டியில் இடலாகாது. அத்தொட்டியை 11 வாரங்கள் மீனின்றி விட வேண்டும்.

தடுப்பு
புதிய மீன்களை 4 வாரங்களேனும் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் கடல்நீரை நேரடியாக எடுத்து ஊற்றினால் ஒட்டுண்ணியும் உடன் வரலாம். வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகே உப்பின் அளவும் குறையும். திடீர் மாற்றம் மீனை நலிவுறச் செய்து நோய்க்கு வழிவிடும்.