தி இந்தியன் லிசனர்

தி இந்தியன் லிசனர் என்பது அகில இந்திய வானொலி ஆங்கிலத்தில் வெளியிட்டுவந்த நிகழ்ச்சி நிரல் இதழாகும். எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு, யார் பாடுகிறார் அல்லது பேசுகிறார் என்பதை நேயர்கள் இதன்வழி முன்கூட்டியே அறிந்தனர்.

இவ்வகை இதழ்களுக்கு முன்னோடி பிரிட்டனின் ரேடியோ டைம்ஸ். நிகழ்ச்சி விவரங்களை இலவசமாக அச்சிட முடியாது என்று செய்தித்தாள் முதலாளிகள் முரண்டு பிடித்தனர். பிபிசி 1923 செப்டம்பர் 28 அன்று சொந்த இதழையே தொடங்கிவிட்டது.

இந்தியாவில் பம்பாய் நிலையம் 1927 ஜூலை 23 அன்று திறக்கப்பட்டது. அதே மாதம் இந்தியன் ரேடியோ டைம்ஸ் வெளிவந்தது. நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 1930இல் நொடித்துப்போக, ஒலிபரப்பு அரசின் கைக்கு வந்தது. இதழ் நிற்கவில்லை. 1935 டிசம்பர் 22 முதல் தி இந்தியன் லிசனர் என்னும் பெயரில் மாதம் இருமுறை வந்தது. 1949 ஜூலை 3 முதல் வார இதழானது. 1958 ஜனவரி 5 அன்று ஆகாஷ்வாணி எனப் பெயர் மாறியது. 1983 ஜூலையில் மீண்டும் மாதம் இருமுறை இதழாகி, பின்னர் நின்றுபோனது.

இந்திய மொழிகளிலும் இத்தகைய இதழ்கள் இருந்தன. வங்காளத்தில் பேதார் ஜகத் 1929இலேயே தொடங்கியது. உருதுவில் ஆவாஸ் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. தமிழ் நேயர்களுக்கான இதழின் பெயர் வானொலி. ரேடியோவுக்கு இதைவிட அழகான தமிழ்ச்சொல் அமைவது கடினம்.

இவ்விதழ்களின் மதிப்பு இன்று வேறு விதமானது. தொடக்க காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகவே ஒலிபரப்பாயின. ஒலிநாடாப் பதிவு பரவலாகாத நிலையில் கச்சேரிகளும் உரைகளும் நாடகங்களும் காற்றோடு போயின. பல கலைஞர்கள் வானொலியில் பங்கேற்றதற்கு இந்த நிரல்களில் உள்ள ஒருவரிக் குறிப்பே எஞ்சிய தடயம். பாடகர் பெயருடன் பாடலும் ராகமும் குறிக்கப்பட்ட பக்கங்கள் இசை வரலாற்று ஆய்வாளர்களுக்குப் புதையல் போன்றவை.

எனினும், மாணவர்கள் இவற்றை மேற்கோள் காட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரல் என்பது நடக்கவிருந்ததன் அறிவிப்பேயன்றி நடந்ததன் பதிவு அன்று. இதழ் பல நாள்களுக்கு முன்பே அச்சுக்குப் போய்விடும். பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டாலும், தலைவர் ஒருவர் மறைந்து நிகழ்ச்சிகள் மாற்றப்பட்டாலும் அச்சிட்ட பக்கம் மாறாது. ஆகவே ஒரு கச்சேரியின் தேதியை இதழிலிருந்து எடுப்பவர், அன்றைய நாளிதழில் வந்த வானொலி நிகழ்ச்சிப் பகுதியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.