பெயரும் ஒரு முதலீடே
தூய்மைப் பணி நிறுவனம் தொடங்குவோர் கவனத்திற்கு

'சுத்தம் சோறு போடும்' என்பது முன்னோர் வாக்கு. வீடு, அலுவலகம், தண்ணீர்த் தொட்டி, சோபா ஆகியவற்றைத் தூய்மை செய்து தருவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது சொல்லுக்குச் சொல் உண்மை. ஆனால், இயந்திரத்தின் விலையைப் பத்து இடங்களில் விசாரிப்பவர்கள்கூட, நிறுவனத்தின் பெயரை ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகின்றனர். பெயர்ப்பலகை, சீருடை, வாகனம், ரசீது என எல்லாவற்றிலும் பதிந்தபின் அதை மாற்ற நேர்ந்தால், செலவழித்த பணத்துடன் ஈட்டிய நற்பெயரும் கைநழுவும்.

எத்தகைய பெயர் நன்று?

முன்பின் அறியாத பணியாளரை வீட்டிற்குள் அனுமதிக்க வைப்பது நம்பிக்கை. ஆகவே பெயர் எளியதாகவும், தொலைபேசியில் ஒருமுறை கேட்டாலே பிழையின்றி எழுதக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். மும்பையிலோ பெங்களூருவிலோ தொழில் செய்பவர், பிறமொழியினர் அதை எவ்வாறு உச்சரிப்பர் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'எழில்' நமக்கு இனிய சொல்; எனினும், ழகரம் ஆங்கில எழுத்தில் மாறும்போது பிறர் அதைப் பலவாறு படிப்பர்; இணையத்தில் தேடும்போதும் தடுமாறுவர்.

'சோபா' என்பதையோ பேட்டையின் பெயரையோ நிறுவனப் பெயரில் சேர்த்தால், நாளை பணியும் எல்லையும் விரிவடையும்போது அப்பெயரே தடையாகலாம்.

சட்டம் கூறுவது என்ன?

வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன்படி, சேவையின் தன்மையையோ தரத்தையோ மட்டும் விவரிக்கும் சொற்களைப் பதிவு செய்வது கடினம். 'சிறந்த தூய்மைப் பணி' என்ற பெயர் எவருக்கும் பொதுவானது. போட்டியாளர் அதைப் பயன்படுத்தினால் தடுப்பது எளிதன்று. தொழிலோடு நேரடித் தொடர்பில்லாத சொல்லோ, புதிதாக உருவாக்கிய சொல்லோ வலுவான பாதுகாப்பைப் பெறும்.

முதலில், வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பாருங்கள். கட்டடங்களைத் தூய்மை செய்யும் சேவை 37-ஆம் வகுப்பிலும், தூய்மைப் பொருள்கள் 3-ஆம் வகுப்பிலும் அடங்கும். ஒலியில் ஒத்த பெயர்களையும் தேடுதல் அவசியம். பதிவு செய்யாமலே நெடுங்காலம் ஒரு பெயரைப் பயன்படுத்தி வருபவருக்கும் உரிமை உண்டு. எனவே உங்கள் வட்டாரத்திலும் விசாரித்தறிக.

தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால், ஒரு வகுப்பிற்கான அரசுக் கட்டணம் ரூ.4,500. பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பதிவு கிடைப்பதற்கு முன் வட்டத்துள் 'ஆர்' குறியிடுவது சட்டப்படி தவறு.

நிறுவனங்கள் சட்டம், 2013-இன்கீழ் பெயர் ஒப்புதல் பெற்றதாலேயே வணிகச் சின்ன உரிமை கிடைத்துவிடாது, இரண்டும் வேறு. தூய்மை இந்தியா இயக்கம் போன்ற அரசுத் திட்டத்தின் அங்கம் எனத் தோன்றச் செய்யும் பெயர்களையும் தவிர்த்திடுக.

வங்கிக் கணக்கும் பெயரும்

தனி உரிமையாளர் நிறுவனத்திற்குக் கணக்கு தொடங்க, உரிமையாளரின் அடையாள ஆவணங்களுடன், அப்பெயரில் தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு ஆவணங்களைப் பொதுவாக ரிசர்வ் வங்கியின் விதிகள் கோருகின்றன. உத்யம் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. சான்று ஆகியன இதற்கு உதவும். ஒன்றில் 'சர்வீஸ்' எனவும் மற்றொன்றில் 'சர்வீசஸ்' எனவும் இருந்தால் தாமதம் நேரும். நிறுவனப் பெயருக்கு எழுதப்பட்ட காசோலையை உரிமையாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும் இயலாது. அலுவலகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் காசோலையாகத் தரும் தொகை அவ்வாறு முடங்கினால், பணியாளர் சம்பளமே தடைப்படக்கூடும்.

ஆதலின் வரிசை இதுவாகட்டும்: மூன்று நான்கு பெயர்களைத் தெரிவு செய்க, பதிவகத்தில் தேடுக, ஒன்றை உறுதி செய்து, ஆங்கில எழுத்துக்கூட்டலையும் நிலையாக முடிவு செய்க, அதே வடிவில் ஆவணங்களைப் பெற்று நடப்புக் கணக்கைத் தொடங்குக, வணிகச் சின்னத்திற்கு விண்ணப்பிக்க. பெயர்ப்பலகைக்கும் சீருடைக்கும் பணம் கொடுப்பது அதன் பிறகே. ஐயம் எழுந்தால், கணக்கு தொடங்குவதற்கு முன்பே உங்கள் கிளையை அணுகுங்கள்.